கடலோரக் கிராமப்புறத்தில் நிதானமாக சைக்கிள் ஓட்ட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது வேகத்துக்காக ஓட்டுபவர்களுக்கானது அல்ல. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் கடல் என்று பார்த்துக்கொண்டே போய், தோன்றிய இடத்தில் இறங்கி உட்கார்ந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

கடலோரம் என்றால் மேடே இருக்காது அல்லவா?

அப்படி நம்பிக் கிளம்பினால் முழங்கால் பதில் சொல்ல வேண்டிவரும். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் அலை ஒதுக்கிய மணலும் படிந்து உருவான கரை உண்டு. கழிமுகம், சதுப்பு, உப்பளம் எல்லாம் இந்த வகையில் வரும். இது உண்மையாகவே சமதளம். பாறை நிலத்தைக் கடல் அரித்து உண்டான கரை வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு சிற்றோடையும் தனக்கென்று ஒரு பள்ளத்தாக்கை வெட்டிக்கொண்டு கடலில் இறங்கும். கரையோடு போகிறவர் அத்தனை பள்ளத்திலும் இறங்கி ஏறியாக வேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோர நடைபாதையின் நீளம் 1,014 கிலோமீட்டர். அதன் மொத்த ஏற்றம் சுமார் 35,000 மீட்டர். நெடுகிலும் கடலைப் பார்த்தபடியே போகும் பாதைதான், ஆனால் முழுவதும் நடந்தவர் எவரெஸ்ட் உயரத்தை நான்கு முறை ஏறிய கணக்கு. டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவில் இரண்டு வகைக் கரையையும் ஒரே சுற்றில் பார்க்கலாம். தீவைச் சுற்றிவர சுமார் 105 கிலோமீட்டர். வடமுனை கருங்கல் பாறை, மூச்சு வாங்கும். தென்முனை வெண்மணல், பெடல் தானாகச் சுற்றும்.

ஆகவே வரைபடத்தில் கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில் பயனில்லை. மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 5 மீட்டருக்குள் வந்தால் சமதளம் என்றே சொல்லலாம். 10 மீட்டர் வரை சுகமான பாதைதான். 15 மீட்டரைத் தாண்டினால் குடும்பத்தோடு போகும் பாதை அல்ல. இது என் கணக்கு. உங்கள் காலுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: பாதை வகுத்துத் தரும் செயலிகள் பாலத்தின் மேல் போகும்போதும், சுரங்கத்துக்குள் போகும்போதும் தரையின் உயரத்தையே கணக்கில் எடுத்துக்கொள்வது உண்டு. பாலம் இருக்கும் இடத்தில் திடீரென்று ஒரு பள்ளமும், சுரங்கம் இருக்கும் இடத்தில் ஒரு மலையும் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

மேடு இல்லை என்று உறுதியாகிவிட்டது. அப்புறம் என்ன பார்க்க வேண்டும்?

காற்று. கடலோரத்தில் மேட்டைவிடப் பெரிய விஷயம் இதுதான். மேட்டில் ஏறினால் அடுத்து இறக்கம் வரும், அதுவரை ஒரு நம்பிக்கை இருக்கும். எதிர்க்காற்றுக்கு அந்த முடிவு கிடையாது.

கணக்கைப் பாருங்கள். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். இன்னொரு நாள் எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. அதே 15ஐப் பிடித்துவைக்க நினைத்தால் உங்கள் முகத்தில் மோதும் காற்றின் வேகம் 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், ஏறத்தாழ ஐந்தரை மடங்கு தடையைத் தள்ள வேண்டியிருக்கும். யாரும் அப்படித் தள்ளுவதில்லை, வேகம்தான் குறையும். 20 என்பது புயல் அல்ல. தரையில் கிடக்கும் காகிதம் பறக்கத் தொடங்கி, சின்னக் கிளைகள் அசையும் அளவுதான். காற்றின் வலுவை அளக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் 4ஆம் நிலையின் தொடக்கம்.

போகும்போது இழந்ததை வரும்போது பின்காற்றில் பிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. 20 கிலோமீட்டர் தூரத்தை எதிர்க்காற்றில் மணிக்கு 10 என்று போனால் இரண்டு மணி நேரம். திரும்பும்போது மணிக்கு 20 என்று வந்தால் ஒரு மணி நேரம். மொத்தம் மூன்று. காற்றில்லாத நாளில் இதே 40 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் போதும். இழப்பு எப்போதும் நம் பக்கம்தான்.

எனவே பழைய விதியையே பிடித்துக்கொள்ளுங்கள்: போய்த் திரும்பும் பயணமானால் எதிர்க்காற்றை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு புதிதாக இருக்கும்போது அது தெரியாது. ஒரே திசையில் போய் ரயிலிலோ படகிலோ திரும்ப வழி இருந்தால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அன்று காலை பார்த்துவிட்டு எந்த முனையில் தொடங்குவது என்று முடிவு செய்யலாம். தங்கும் இடத்தை முன்பதிவு செய்வதற்கு முன்பே இந்தச் சுதந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சின்ன மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் அது 5ஆம் நிலை, மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். கரைமேல் போகும் பாதைகளை அன்று விட்டுவிடுங்கள். பக்கக்காற்று திடீரென்று விட்டுவிட்டு அடிப்பது எதிர்க்காற்றைவிட ஆபத்து. காற்றை மறைத்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தைத் தாண்டிய மறு நொடி சைக்கிள் இரண்டடி நகர்ந்துவிடும்.

காலையில் ஓட்டுவது நல்லதா, மாலையிலா?

காலை. வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. தெளிவான வானம் உள்ள நாளில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். இந்தக் கடற்காற்று பெரும்பாலும் முற்பகலில் தொடங்கி, பிற்பகல் நடுவில் உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது அடங்கும். இரவில் இதற்கு எதிராக நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும், ஆனால் அது மெலிந்ததுதான். விடிந்து இரண்டு மூன்று மணி நேரம் கடலோரம் அமைதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. கடற்காற்று தொடக்கத்தில் கரைக்கு நேர் குறுக்காக வீசும். மணி ஆக ஆக, பூமி சுழல்வதன் விளைவால் திசை திரும்பும். வடக்கு அரைக்கோளத்தில் கடலைப் பார்த்து நின்றால், மாலை நெருங்க நெருங்கக் காற்று உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருவது தெரியும். அதாவது பிற்பகலில் கடல் வலக்கைப் பக்கம் இருக்கும்படி திரும்பி வந்தால் காற்று முதுகைத் தள்ளும். தெற்கு அரைக்கோளத்தில் இது தலைகீழ். வேறு பெரிய காற்று எதுவும் இல்லாத நாளில்தான் இது பலிக்கும். பருவக்காற்று வலுத்திருக்கும் மாதங்களில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. வானிலை அறிக்கையைத்தான் நம்ப வேண்டும்.

தீவைச் சுற்றும் பாதைகளை எந்தத் திசையில் சுற்ற வேண்டும்?

இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் கடிகாரச் சுற்றாக, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் எதிர்ச்சுற்றாக. அப்போது நீங்கள் சாலையின் கடல் பக்கத்து ஓரத்தில் இருப்பீர்கள். காட்சியை வாகனங்கள் மறைக்காது. படம் எடுக்க நிறுத்தினால் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. தைவான் தீவைச் சுற்றுபவர்கள் பெரும்பாலும் எதிர்ச்சுற்றாகப் போவது இதனால்தான். மேலே சொன்ன காற்றுக் கணக்கும் இந்தக் கணக்கும் மோதினால்? வாகனம் அதிகமுள்ள சாலையானால் சாலைக் கணக்கு, தனிப் பாதையானால் காற்றுக் கணக்கு.

கடலை ஒட்டியே போகும் பாதைதானே அழகானது?

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆளே இல்லாத கரையில், கடல் கண்ணை விட்டு நகராமல், கைப்பிடிச் சுவரை ஒட்டியபடி நாள் முழுக்கப் போவது சொல்லக் கேட்க நன்றாக இருக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அது அலுக்கும். மரம் இல்லை, மறைப்பு இல்லை, காதுக்குள் ஓயாத இரைச்சல். நெதர்லாந்தின் அஃப்ஸ்லவுட்டைக் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1932இல் கட்டி முடிக்கப்பட்ட பொறியியல் சாதனை, 32 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய நேர்கோடு. பார்க்க வேண்டியதுதான், ஆனால் காற்று எதிரே இருந்தால் அந்த நேர்கோடு முடியவே முடியாது.

நல்ல கடலோரப் பாதை என்பது கடலை அவ்வப்போது மட்டும் காட்டும் பாதை. மணல்மேட்டுக்குப் பின்னால் போய், இடையில் ஒரு திறப்பில் கடலைப் பார்த்து, மறுபடி மரங்களுக்குள் நுழைந்து, ஒரு கழிமுகத்தைச் சுற்றி, வயல் வழியாக வெளியே வர வேண்டும். நெதர்லாந்தின் வடகடல் கரையில் மணற்குன்றுகளின் முதல் வரிசைக்குப் பின்னால் அப்படித்தான் பாதை அமைத்திருக்கிறார்கள். குன்றின் மறைவில் ஓட்டும்போது மேலே புல் படுத்துக் கிடப்பது தெரியும், கீழே உங்கள் சட்டை அசையாது. கடலைப் பார்க்க வேண்டுமானால் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் குன்றின் மேல் ஏறினால் போதும்.

பிரான்ஸின் மேற்குக் கரையில் ரோஸ்காஃப் முதல் ஆன்தாய் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வெலோடிசே பாதையும் லாந்து பகுதியில் இதையே செய்கிறது. ஒரு காலத்தில் அங்கே சதுப்பும் நகரும் மணலும்தான். மணலைப் பிடித்துவைக்கவும் நிலத்தை வடியவைக்கவும் 19ஆம் நூற்றாண்டில் பெரும் அளவில் பைன் மரங்களை நட்டார்கள். இன்று அந்தக் காட்டு நிழலில் கிலோமீட்டர் கணக்கில் போகலாம். மரங்களுக்கு அப்பால் அலைச்சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

பழைய ரயில் பாதைகளை ஏன் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள்?

நீராவி எஞ்சினுக்கு மேடு ஏற வராது என்பதால். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும், ஆகவே அன்றைய பொறியாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தைப் பாலத்தால் தாண்டியும் சரிவைப் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் வைத்தார்கள். ரயில் நின்றுபோன பிறகு அந்த உழைப்பின் பலன் சைக்கிள்காரர்களுக்குக் கிடைத்தது. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே வேகத்தில் போகக்கூடிய பாதைகள் இவை.

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டிலிருந்து கடலோரத்து டங்கார்வன் வரை 46 கிலோமீட்டருக்கு அப்படி ஒரு பாதை 2017இல் திறக்கப்பட்டது. ஆற்றோரமாகத் தொடங்கி, உயரமான வளைவுப் பாலங்களைத் தாண்டி, ஈரம் சொட்டும் செங்கல் சுரங்கம் ஒன்றில் நுழைந்து வெளியே வந்தால் சற்று நேரத்தில் கடல் கண்ணில் படும். இங்கிலாந்தின் டெவன் மாவட்டம் மேடுபள்ளத்துக்குப் பேர்போனது. ஆனால் பார்ன்ஸ்டபிள் முதல் பிடெஃபோர்ட் வரை கழிமுகக் கரையோடு போன ரயில் பாதை இப்போது டார்க்கா பாதையின் ஒரு பகுதி, மேடு என்பதே தெரியாது. இத்தாலியின் ட்ரியெஸ்டேயில் தொடங்கி ஸ்லோவேனியா வழியாகக் குரோவேஷியாவின் பொரேச் வரை போகும் பரென்சானா இன்னொன்று. 1902 முதல் 1935 வரை குறுகிய ரயில் ஓடிய 123 கிலோமீட்டர் தடம் அது. இது முழுக்கச் சமதளம் இல்லை, உள்நாட்டுக் குன்றுகளையும் தொட்டு வரும். சரிவு மென்மையாக இருந்தாலும் நீளமாக இருக்கும்.

கடல்நீர் ஏறி வற்றுவதைப் பற்றிச் சைக்கிள்காரர் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பாதை எங்காவது கடல் மட்டத்துக்கு இறங்கினால் கட்டாயம். நீர் ஒருமுறை உச்சத்துக்கு ஏறுவதற்கும் அடுத்த முறை ஏறுவதற்கும் இடையே பொதுவாக 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று பத்து மணிக்குக் காய்ந்து கிடந்த பாதை இன்று பத்து மணிக்கும் காய்ந்திருக்கும் என்று எண்ணக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம்.

தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஏறும் ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏறும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் பாதி ஏறிவிடும். முதல் மணியில் மெதுவாகத்தானே வருகிறது என்று அசட்டையாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிரான்ஸில் நுவார்முத்தியே தீவுக்குப் போகும் குவா (Gois) வழி இதற்குச் சரியான உதாரணம். கடலுக்கடியில் இருந்து எழுந்து வரும் நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கல்பாதை. நாளுக்கு இரண்டு முறை முழுதாக மூழ்கும். நீர் முழுதாக வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் தலா ஒன்றரை மணி நேரம்தான் கடக்கலாம். இடையில் மாட்டிக்கொள்பவர்கள் ஏறி நிற்பதற்காக உயரமான மேடைக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். அவற்றில் நீர் ஏறும் உயரம் வரை பாசியும் சிப்பியும் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். நேரம் சரியாக இருந்தாலும் கல் வழுக்கும். 1999 டூர் டி பிரான்ஸில் பந்தயக்காரர்கள் இந்த வழியில் கும்பலாகச் சரிந்து விழுந்தார்கள். போட்டியில் முன்னணியில் எதிர்பார்க்கப்பட்ட அலெக்ஸ் சூலெ அன்று ஒரே நாளில் ஆறு நிமிடத்துக்கு மேல் இழந்தார். ஈரக் கல்லில் பிரேக்கைப் பிடித்து இழுக்காதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், நேராக உருட்டிக்கொண்டே போங்கள். தீவுக்கு 1971 முதல் பாலமும் இருக்கிறது. நேரம் இழுபறியாக இருந்தால் பாலம்தான்.

மணலில் ஓட்ட முடியுமா? எந்த மாதிரி சைக்கிள் வேண்டும்?

காய்ந்த மணலில் முடியாது. முன்சக்கரம் புதையும், நீங்கள் ஹேண்டிலைத் தாண்டிப் போவீர்கள். பாதையின் குறுக்கே காற்று கொண்டுவந்து போட்ட மணல் திட்டு தெரிந்தால், முன்பே வேகத்தைக் குறைத்து, உடல் எடையைப் பின்னால் வைத்து, பெடலை விடாமல் சுற்றியபடி நேராகக் கடந்துவிடுங்கள். நீளமான திட்டானால் இறங்கித் தள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நீரோரத்து ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஓட்ட ஆசையாகவும் இருக்கும். உப்புத்தண்ணீர் செயினிலும் பேரிங்கிலும் தெறிப்பதை நினைத்து ஆசையை அடக்குவதே நல்லது.

சைக்கிள் விஷயத்தில் டயரின் அகலத்தைத் தவிர வேறு எதற்கும் அதிகம் மெனக்கெட வேண்டாம். 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் தார், சரளை, மரப்பலகைப் பாதை எல்லாவற்றையும் சமாளிக்கும். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் சரளையில் கை நடுங்காது. நிமிர்ந்து உட்காரும் சைக்கிள் முதுகுக்கு நல்லது, எதிர்க்காற்றுக்குக் கெட்டது. வாடகைக்கு எடுப்பதானால் சீட் உயரம், பிரேக், கியர் மூன்றையும் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உப்புக்காற்றில் சைக்கிள் கெட்டுப்போகுமா?

கவனிக்காவிட்டால் கெடும். கடல் பக்கத்தில் ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தினால் ஒரே இரவில் செயின் செம்பழுப்பு நிறத்துக்கு மாறியிருப்பதைப் பார்க்கலாம். செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. முதலில் காய்ந்த தூரிகையால் மணலைத் தட்டி எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய் போட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வரிசையை மாற்றி, மணலோடு எண்ணெய் போட்டால் செயினுக்குள் உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

கடலோரத்திலேயே வசிப்பவர்களானால், சீட் தாங்கும் குழாயை வருடத்துக்கு ஓரிரு முறை வெளியே உருவி கிரீஸ் தடவுங்கள். எஃகுச் சட்டத்துக்குள் அலுமினியக் குழாய் இருந்தால் உப்பு ஈரத்தில் இரண்டும் வேதிவினையால் இறுகிக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் திட்டமிடலாம்?

பழக்கமில்லாதவர்களுக்கு 25 முதல் 35 கிலோமீட்டர். வாரம் ஒருமுறையாவது ஓட்டுபவர்களுக்கு 50. சக்கரம் உருளும் நேரத்தை மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் என்று வைத்து, அதே அளவு நேரத்தை நிற்பதற்கும் ஒதுக்குங்கள். பயணம் நிற்பதற்காகத்தானே.

குழந்தைகளோடு போனால்?

தூரத்தைச் சொல்லாதீர்கள், அடுத்து நிற்கும் இடத்தைச் சொல்லுங்கள். கலங்கரை விளக்கம், படகுத் துறை, நண்டு பிடிக்கும் பாறை என்று முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒன்று இருந்தால் போதும். சிறு குழந்தையை இழுவண்டியில் வைத்து இழுப்பதானால் பாதையின் நடுவே நட்டிருக்கும் தடுப்புக் கம்பங்களுக்கு இடையில் அது நுழையுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் இழுவண்டி ஒரு பாய்மரம் ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பிள்ளைகள் தாங்களே ஓட்டினால், காற்று வரும் பக்கத்தில் பெரியவர் ஓட்டி அவர்களுக்கு மறைப்பாக இருக்கலாம்.

பேட்டரி சைக்கிள் எடுப்பது ஏமாற்று வேலையா?

இல்லை. ஆளுக்கு ஆள் பலம் மாறுபடும் குடும்பத்துக்கு அது வரப்பிரசாதம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை உதவி என்பது சட்ட எல்லை. அதற்கு மேல் ஓட்டினால் உங்கள் கால்தான். கடலோரத்தில் பார்க்க வேண்டியது இதுதான்: எதிர்க்காற்றில் பேட்டரி வேகமாகத் தீரும். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் பாதியை நம்பித் திட்டமிடுங்கள். இருபது கிலோவுக்கு மேல் எடை இருப்பதால் படகில் ஏற்றுவதும் ரயில் படியில் தூக்குவதும் சிரமம்.

கழிமுகங்களைக் கடப்பது எப்படி?

அக்கரை ஊர் கண்ணெதிரே தெரியும்; சாலை வழியே போனால் இருபது கிலோமீட்டர் சுற்று. இடையில் ஒரு சிறு படகு ஓடினால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இத்தகைய படகுகள் பல இடங்களில் கோடையில் மட்டும் ஓடும், நீர் வற்றிய நேரத்தில் ஓடாது, ஒரு நடைக்குச் சில சைக்கிள்களைத்தான் ஏற்றும். கடைசிப் படகின் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கு முந்தைய படகைக் குறிவைத்துத் திட்டமிடுங்கள்.

வெயில், மூடுபனி, இடி மின்னல் பற்றி?

கடற்காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் எரிவது தெரியாது. உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். அதாவது தொப்பி மறைக்காத கீழ்ப்பக்கத்திலிருந்தும் வெயில் படும். கைமுட்டியின் மேல்பக்கம், பின்கழுத்து, காது மூன்றையும் மறந்துவிடாதீர்கள்.

ஈரமான வெதுவெதுப்புக் காற்று குளிர்ந்த கடல்மேல் தவழும்போது உண்டாகும் மூடுபனி, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் கரையேறும். பகல் பயணமானாலும் முன்னும் பின்னும் விளக்கு இருக்கட்டும். கரைமேட்டின் மீது ஓட்டும்போது இடிச்சத்தம் கேட்டால் உடனே இறங்கி, கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். அந்த வெட்டவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான்.

வழி தவறாதா?

கடல் ஒரு பக்கம் இருக்கும்வரை பெரிதாகத் தவறாது. உள்ளே வயல்களுக்குள் போகும்போது வழிகாட்டிப் பலகைகளைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இதில் நான் பார்த்தவரை சிறந்த ஏற்பாடு பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் உள்ள எண் முறைதான். ஒவ்வொரு பாதைச் சந்திப்புக்கும் ஒரு எண். 23, 41, 17 என்று எழுதிவைத்துக்கொண்டு கிளம்பினால் போதும். களைத்துவிட்டால் அடுத்த சந்திப்பில் வேறு எண்ணைப் பிடித்து சுற்றைச் சுருக்கலாம். சுரங்கப் பொறியாளர் ஒருவரின் யோசனை இது, 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கியது. ஜப்பானின் ஷிமனாமி கைடோ என்ற சைக்கிள் பாதையில் இன்னும் எளிது: சாலை ஓரத்தில் நீலக் கோடு போட்டிருக்கிறார்கள், அதன் பின்னால் போக வேண்டியதுதான்.

பறவைகள், மணல்மேடுகள் பற்றி ஏன் இத்தனை எச்சரிக்கைப் பலகைகள்?

உப்புக்கொத்தி, சிறு ஆலா போன்றவை வெறும் மணலிலும் கூழாங்கல்லிலும் முட்டை இடும். முட்டையின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்று. சக்கரம் ஏறிய பிறகுதான் தெரியும். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அங்கே வளரும் புல்லின் வேர். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சக்கரம் ஏறினால் புல் சாகும், அந்த வாய்க்கால் வழியே காற்று மேட்டையே உடைக்கும். குறுக்கு வழி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

முதல் முறை போகிறவர் எங்கே தொடங்கலாம்?

தூரம் போக வசதி உள்ளவர்களுக்கு என் முதல் தேர்வு பிரான்ஸின் ரே தீவு. 1988 முதல் பாலம் வழியாகப் போகலாம். 100 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதைகள், தீவின் மிக உயரமான இடமே 20 மீட்டர் அளவுதான். உப்பளப் பாத்திகளுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து போகும், வரப்போரம் கொக்கு நிற்கும். காற்று பலமாக இருந்தால் சட்டென்று மறுகரைக்கு மாறிவிடலாம், அந்த அளவுக்கு ஒடுங்கிய தீவு. கோடை நெரிசல் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கொஞ்சம் சவால் வேண்டுமென்றால் ஷிமனாமி கைடோ. ஒனோமிச்சி முதல் இமாபாரி வரை சுமார் 70 கிலோமீட்டர், ஆறு தீவுகள், உள்நாட்டுக் கடலின் மேல் வரிசையாகப் பாலங்கள். பாலம் உயரமாக இருந்தாலும் அதில் ஏறும் சுற்றுச்சரிவு 3 சதவீத அளவுதான். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல் நடுத்தீவு ஒன்றில் தங்குங்கள்.

இரண்டுக்கும் வழியில்லை என்றால், உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கழிமுகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நீர் வற்றியிருக்கும் ஒரு காலையில் அதன் ஒரு கரையில் மட்டும் பதினைந்து கிலோமீட்டர் போய்விட்டு, கடற்காற்று கிளம்புவதற்குள் திரும்பிவிடுங்கள்.